திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தவர்

செய்தி வந்தபோது நான் வாந்தி மாத்திரை விற்றுக்கொண்டிருந்தேன். மே மாதத்துச் சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கொடைக்கானலில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சீசனில் எங்களிடம் காய்ச்சல் மாத்திரையைவிட இதுதான் அதிகம் போகும். மலை ஏறி வந்தவர்களும் கேட்பார்கள், இறங்கப் போகிறவர்களும் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர் டீக்கடை முருகேசன் உள்ளே வந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்று, "சகாயம்மா, பாய் இறந்துட்டாராம்" என்றார்.

"எந்த பாய்?" என்று கேட்டேன்.

முருகேசன் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் சுவரைக் காட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு என் வாசலைத் தாண்டிப் போனார். "என்ன பாய், சீசன்ல இம்புட்டு வெள்ளனே சாத்திட்டீங்க?" என்று கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தேன். "வீட்டுல சோலி கெடக்கும்மா" என்று முகத்தைத் திருப்பாமலே கையை ஆட்டிவிட்டு நடந்தார். பதினேழு வருஷம் பக்கத்துக் கடையில் இருந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. பாயை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாபாரிகள் சங்க மலருக்காக என்னிடம் வந்த செயலாளர், "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மேடம், கோபம் மட்டும் வேணாம்" என்றுதான் கேட்டார். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. அவருடைய இரண்டாவது நிபந்தனைக்கு நான் பொறுப்பில்லை.

சிக்கந்தர் பாயை ஊரில் பாதிப்பேருக்கு ஸ்வெட்டர் கடைக்காரராகத்தான் தெரியும். பூண்டியிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வருகிற விவசாயிகள் கம்பளி வாங்க வேறு கடைக்குப் போகமாட்டார்கள். அவர் மதுரையில் பி.ஏ. தத்துவம் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கடைக்குத் திரும்பி வந்தபோது கல்லூரியிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தது ஸ்டோயிக் தத்துவம் ஒன்றைத்தான். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கத்துல கடைத்தெரு ஓரமா ஒரு தாழ்வாரத்துல நின்னு பேசுனவங்கம்மா. நம்மளை மாதிரி பஜார்க்காரங்கதான்" என்பார். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்; இருப்பதில் முழு மூச்சாக இறங்கு; இல்லாததற்காக மனதை அலட்டிக்கொள்ளாதே. சாரம் இவ்வளவுதான். கேட்பதற்கு ஆட்டோவுக்குப் பின்னால் எழுதுகிற வாசகம் போல இருக்கும். பாய் அதைக் கடையில் வைத்து நடத்திக் காட்டினார்.

காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதன் எதிரே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் தொழுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். தொழுகையை அவர் பள்ளிவாசலிலேயே முடித்துவிட்டுத்தான் வருவார். இது வேறு. ஒருநாள் கேட்டேன். "இன்னைக்கு மழை வரும். கரண்ட் போகும். ஒருத்தன் ஸ்வெட்டரை வாங்கிட்டுப் போயி, தூண் பாறையில நின்னு போட்டோ எடுத்துட்டு, சைஸ் சரியில்லைன்னு சாயங்காலம் திருப்பிக் கொண்டாருவான். இப்பவே எல்லாத்தையும் ஒருக்கா பாத்துட்டா, அது வர்றப்ப தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கும்மா" என்றார்.

கடைசியில் சொன்ன ஆள் தவறாமல் வருவான். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. காலையில் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. மாப்பிள்ளை கத்திய கத்தலில் பாதி பஜார் திரும்பிப் பார்த்தது. என் ரத்தம் கொதித்து, நான் கவுண்டரை விட்டு இறங்கிப் போய் அவனுக்கு மேலே கத்தினேன். பாய் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "சிவப்பு உனக்கு நல்லா இருந்துச்சேம்மா. போட்டோ நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை ஸ்வெட்டரைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான்.

"எப்படி பாய் இப்படி உக்காந்திருக்கீங்க? எனக்குன்னா கை நீண்டிருக்கும்" என்றேன். "அவன் கத்துனது அவன் வாய்ல கெடக்கு. அதை எடுத்து நான் ஏன் என் வயித்துல போட்டுக்கணும்?" என்றவர், அடுத்த நொடியே என் பக்கம் திரும்பினார். "மருந்துக்கெல்லாம் எக்ஸ்பயரி பாத்து அடுக்குறியே, கோபத்துக்குப் பாக்க மாட்டியா?" இந்தக் கேலியை அதற்குப் பிறகு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மார்கழிக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஸ்வெட்டர் கடைக்காரரை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது. "இல்லாம இருந்து பழகிக்கிட்டா, இல்லைங்கறது வந்து நம்மளை மெரட்ட முடியாதும்மா" என்று அரைக்கைச் சட்டையில் இருப்பார். ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது. "கடைக்காரரே அரைக்கைச் சட்டைல இருக்காரு, அப்புறமென்ன குளிரு" என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டது. இது எப்படியோ வீட்டுக்கு எட்டி, அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா நாயுடுபுரத்திலிருந்து ஒரு ஸ்வெட்டரோடு இறங்கி வந்துவிட்டார். "யாவாரத்தைக் கெடுக்கறதும் உங்க கிரேக்கத்துக்காரன் சொல்லிக் குடுத்ததா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாய் மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார். "பொண்டாட்டி கோபம் என் கையில இல்ல, ஸ்வெட்டர் இருக்கு" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் முருகேசன் டீயை எங்கள் மேல் கொட்டாமல் கொடுத்ததே பெரிய காரியம்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

என் கணவர் இறந்தபோது நான் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பாயும் வந்தார். "அழுகை உன் கையில இல்லம்மா, அழுது முடி. கடை உன் கையில இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க பாடத்தை உங்க கடையில வச்சுக்கங்க பாய், எழுந்திரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார். மறுநாளிலிருந்து காலையில் தன் கடைக்கு முன்னால் நாற்காலி போடாமல், பூட்டிக் கிடந்த என் கடைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மருந்துச் சீட்டோடு வந்தவர்களிடம், "அம்மா வந்துருவாங்க, அதுவரைக்கும் இந்த மருந்து எங்கெங்க கிடைக்கும்னா" என்று ஒவ்வொருவருக்கும் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். சுகருக்கு இன்சுலின் வாங்குகிற நாலைந்து பேருக்கு அவரே அடுத்த தெருவுக்குப் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் துரத்தியிருந்தேன். ஆனாலும் வந்தார். அடுத்தவர் கஷ்டத்துக்குக் கூப்பிடாமல் வருவதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரங்கல் கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் சீசன் நெரிசலைப் பற்றிப் பேச வியாபாரிகளைக் கூட்டியிருந்தார்கள். மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்காக நகராமல் நிற்கிறதே, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டார். மேடையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், "கூட்டம் வந்தாத்தான ஊருக்குப் பொழப்பு? மத்ததெல்லாம் நம்ம கையில இல்லீங்க" என்றார். பாய் எழுந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஐயா, கையில இல்லைங்கறதைக் கடைசியாத்தான் சொல்லணும். மொதல்லயே சொன்னா அதுக்குப் பேரு தத்துவம் இல்ல, சோம்பேறித்தனம்."

அதோடு விடவில்லை. பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். சைரன் சத்தம் கேட்டால், யார் எந்த வியாபாரத்தில் இருந்தாலும், அந்தந்தக் கடைக்காரர் ரோட்டில் இறங்கித் தன் கடைக்கு முன்னால் நிற்கும் வண்டியை ஒதுக்க வேண்டும். மலைப்பாதை எங்கள் கையில் இல்லை. கடை வாசல் இருக்கிறது. இன்றுவரை பஜாரில் அது நடக்கிறது. நானே மருந்துப் பொட்டலம் கையிலிருக்க எத்தனையோ தடவை இறங்கி ஓடியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது பாய் தன் கடை முன்னால் ஒரு கையால் டெம்போவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

இந்த மனிதர்தான் அந்தச் சனிக்கிழமை என்ன செய்தார் என்று கேளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும். மலையில் இருக்கிற எங்களுக்குச் சீசனில் சனியும் ஞாயிறும் கிடையாது. அந்த இரண்டு நாளும் ஊர் எங்களுடையது அல்ல. கல்யாணம், காதுகுத்து, பல் பிடுங்குவது, மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்ப்பது எல்லாமே திங்கட்கிழமைக்குத்தான். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்பது எங்கள் வாயில் தானாக வந்து விழுகிற வார்த்தை. சீசன் சனிக்கிழமை எவனும் நோயில் விழக்கூடாது என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். அப்படிச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது கொஞ்சம் யோசியுங்கள்.

அன்றைக்குக் காலையில் நாயுடுபுரத்திலிருந்து நடந்து வரும்போதே அவருக்கு நெஞ்சு கரித்திருக்கிறது. கொடைக்கானல் காற்றில் வேர்த்திருக்கிறது. மதியம் சாப்பாட்டுத் தூக்கு தொடாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனதும் நூர்ஜஹான் அக்கா போன் செய்திருக்கிறார். "லேசாத்தான் கரிக்கு. திங்கக்கிழமை மதுரைக்கு இறங்கிப் பாத்துக்கலாம். இன்னைக்கு ரோடு நம்ம கையில இல்ல" என்றிருக்கிறார். "சகாயத்துக்கிட்டயாச்சும் சொன்னீகளா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "அது கடையில ஈ மொய்க்கற மாதிரி ஆளு மொய்க்குது. அதைப் போயித் தொந்தரவு பண்ணச் சொல்றியா" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் சாயங்காலம் வரை ஸ்வெட்டர் விற்றிருக்கிறார். ஆட்டோ எதுவும் நகராததால் நாயுடுபுரம் ஏற்றத்தை நடந்தே ஏறியிருக்கிறார். வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அக்காதான் இதையெல்லாம் சொன்னார். எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததும் மருந்து கொடுக்காமல் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பஜாரிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே போய் ஒரு ஈசிஜி எடுக்க மலைப்பாதை எதற்கு? மதுரை எதற்கு? ரோடு அவர் கையில் இல்லை, சரி. சுவரைத் தட்டுவது யார் கையில் இருந்தது? எங்கள் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் நான் "நூறு வயசு" என்பேன். என் கவுண்டருக்குப் பக்கத்தில் வந்தால் நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வரவில்லை.

பாய், இதை உங்களிடமே கேட்கிறேன். கையில் இருப்பது, கையில் இல்லாதது என்று இரண்டே இரண்டு கூடை வைத்திருந்தீர்கள். பக்கத்துக் கடைக்காரியை எந்தக் கூடையில் போட்டீர்கள்? மழையோடும் கரண்ட்டோடும் கூட்ட நெரிசலோடும் சேர்த்து, இதுவும் என் கையில் இல்லாதது என்று என்னையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? நீங்கள் என் கடை வாசலில் நாற்காலி போட்டபோது நான் உங்களைத் தொந்தரவு என்றா நினைத்தேன்? உதவுவதை மட்டும் உங்களிடம் வைத்துக்கொண்டு, உதவி கேட்பதை அடுத்தவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டீர்கள். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது பாய். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

இரங்கல் கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. பேசிய எல்லோரும் அமைதியைத்தான் பேசினார்கள். கோபப்படாதவர், முகம் சுளிக்காதவர், எதையும் தாங்கும் இதயம் என்று ஒருவர் மாற்றி ஒருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, "வாழ்க்கையை ஏற்றுக்கொண்டது போலவே மரணத்தையும் அமைதியாக ஏற்றுக்கொண்ட ஞானி" என்று முடித்தார். கை தட்டக்கூடாத இடத்தில் இரண்டு பேர் தட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"அவரு சாவை ஏத்துக்கல சார். திங்கக்கிழமைக்குத் தள்ளி வச்சாரு" என்றேன்.

யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள். நான் வெளியே வந்தபோது, பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற செல்லப்பாண்டி பின்னாலேயே வந்தார். போன மாதமெல்லாம் அவருக்கு அடிக்கடி தலை சுற்றிக் கண் இருட்டிக்கொண்டு வந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார். டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாயே நெஞ்சுவலியப் பொறுத்துக்கிட்டு யாவாரம் பாத்துருக்காரு. அவரு மாதிரி மனுசனுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு நோவாங்க?" என்றார். மனதார, கண் கலங்கச் சொன்னார். இந்த ஊர் ஒரு தவறைத் தூக்கி மாலை போட்டு வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவரை அங்கிருந்தே இழுத்துக்கொண்டு போய் ரத்த அழுத்தம் பார்க்க வைத்தேன். அளவைப் பார்த்த நர்ஸ் அவரை வீட்டுக்கு விடவில்லை.

ஆனால் எனக்கு மெய்யான பயம் செல்லப்பாண்டியைப் பற்றி அல்ல, நூர்ஜஹான் அக்காவைப் பற்றித்தான். கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். மகன் துபாயில். பழனியில் கட்டிக்கொடுத்த மகள் நாற்பது நாள் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "பாய் மாதிரியே கலங்காம இருக்காங்க" என்று அக்காவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கிரேக்கத்துக்காரனை வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்த அக்கா, பாய் போனதும் அவனிடமே போய்ச் சேர்ந்துகொண்டார். எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார். அவருக்குச் சுகர் இருக்கிறது. நான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்.

ஆடிச் சாரலில் ஒருநாள் போயிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் காலை மட்டும் சேலைக்குள்ளேயே வைத்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்து, சேலையை விலக்கிப் பார்த்துவிட்டேன். பாதத்தில் வெந்து தோலுரிந்த புண். குளிருக்கு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார். சுகரால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியவில்லை. மலையில் இருக்கும் சுகர்க்காரர்களுக்கு நான் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வது இதைத்தான், வெந்நீர்ப் பையைக் காலுக்கு வைக்காதீர்கள் என்று. புண் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏங்க்கா சொல்லல?"

"இத்தாவுல இருக்கேன், வெளிய வரக்கூடாதுல்ல. உனக்கும் கடை இருக்கு. இதுக்கெல்லாம் போயி கூப்புடுவாங்களா? அவுக இருந்தா சும்மாத்தான இருந்திருப்பாக."

துக்க வீடு என்றும் பார்க்கவில்லை. கத்தினேன். "அவுக சும்மா இருந்ததாலதான் இப்ப இல்ல. நீங்களும் அதே மாதிரி போகணும்னா சொல்லுங்க, இனிமே நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று, பாய் கடைசியாக உட்கார்ந்த அந்தப் படியையே காட்டிச் சொன்னேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். "வைத்தியத்துக்குப் போறதுக்கு ஒரு தடையும் இல்ல தாயி, யாரு சொன்னது உங்களுக்கு?" என்று அவர் கேட்டது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அன்றே கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். புண் ஆற மாதக்கணக்கானது. ஆறும்வரைக்கும் அக்கா என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் சொன்னது உறைத்ததா, வலித்தது மட்டும்தானா என்று எனக்குத் தெரியவே இல்லை. கடையில் இருந்தால் காது போனிலேயே இருக்கும். அடிக்காத போனைப் பார்த்துப் பயப்படுவது என்னவென்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

ஆயுத பூஜை விடுமுறை வந்தது. மறுபடியும் ஊர் எங்கள் கையை விட்டுப் போனது. சனிக்கிழமை உச்சிப்பொழுதில் ஏழுரோடு சந்திப்பு வரைக்கும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்க, என் கடையில் மூன்று வரிசை ஆள். போன் அடித்தது. அக்கா.

"சகாயம், அந்தக் காலு திரும்பச் செவந்து கெடக்குடி. காய்ச்சலும் அடிக்கு. கடையைச் சாத்திட்டு வெரசா வா."

முன்னால் நின்ற ஒரு தாயின் கையில் குழந்தைக்கான மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். ஒருவர், "எமர்ஜென்சிக்குக்கூட நிக்க மாட்டீங்களா?" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்டார். எமர்ஜென்சிக்குத்தான் போகிறேன் என்று சொல்ல நேரமில்லை. முருகேசனும் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் பைக்கை எடுத்தார். கார்களுக்கு நடுவில் புகுந்து, சந்துகளில் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி நாயுடுபுரம் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அதே படி. மடியில் ஒரு பை, அதில் மாற்றுச் சேலை, மருந்துச் சீட்டுகள். கண் காய்ச்சலில் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. "ஏன்டி, இம்புட்டு நேரமா? கூப்புட்டு எம்புட்டு நேரமாச்சு?" என்றார். நானும் பதிலுக்குக் கத்திக்கொண்டேதான் அவரைப் பைக்கில் ஏற்றினேன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் படுக்கையில் இருந்தார். விரலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவமனைச் சாப்பாடு, நான் வாங்கிக்கொண்டுபோன ஆப்பிள், முருகேசனின் பைக் என்று எல்லாவற்றையும் இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிக்கந்தர் பாயின் அமைதியும் பொறுமையும் புன்னகையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவை நல்ல சரக்குதான். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவர் மனைவி என்னைத் திட்டிய அந்த ஒரு திட்டை மட்டும். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தவர்களால்தான் ஏன் இம்புட்டு நேரம் என்று கேட்க முடியும். பாய் என்னை ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை.